கவலை

ரமணாசிரமத்து வாசலில் ஓடும் சாலையின் பெயர் செங்கம் ரோடு. ஐந்து வருடமாக அதையொட்டிய ஒரு சந்தில்தான் குடியிருக்கிறேன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தபடியே கோட் எழுதுவது பிழைப்பு. காலையில் பால் பாக்கெட், மாலையில் டீ, பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு வீடு வந்து சேர்வது எல்லாமே இந்தச் சாலையில்தான். ஆனாலும் செங்கம் என்பது ஒரு ஊர் என்று நான் யோசித்ததே கிடையாது. கொரியர்காரருக்குச் சொல்லும் அட்ரஸில் ஒரு சொல், அவ்வளவுதான்.

யோசிக்க வைத்தது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா. அதுதான் இன்றைய செங்கம். அவன் ஊரைச் சுற்றி ஓடும் சேயாறு இன்றைய செய்யாறு. பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்கிறார்கள். கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதெல்லாம் லேட்டாகத்தான் தெரியவந்தது. தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஒரு பாட்டின் ஊருக்குப் போகும் சாலையில் நின்றுகொண்டு இத்தனை நாளும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மலைபடுகடாம் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தது. பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் எதிரே வரும் கூத்தனிடம் வழி சொல்கிறான். மற்ற ஆற்றுப்படைகளிலும் வழி வரும். ஆனால் இதில் வழிதான் பாட்டு. மலைப்பாதையில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் விடிந்த பிறகு நடங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்துக் கும்பிட்டுவிட்டு விலகிப் போங்கள். தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் மறைந்துகொள்ளுங்கள். நீரோட்டத்தின் ஓரம் பாசி வழுக்கும், செடிகொடிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவில் நடக்காதீர்கள், வீட்டுக்குள் நுழைவதுபோலக் குகைக்குள் நுழைந்து தங்கிக்கொள்ளுங்கள். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அதை நான் போனில் பிடிஎஃப்பாகப் படித்தபோது என் மண்டையில் ஓடியது ஒன்றுதான்: இவ்வளவு நல்ல டாக்குமெண்டேஷனை என் டீமில் ஒருவரும் எழுதியதில்லை.

சைக்கிளில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கூத்தன் மலையைக் கடந்து செங்கத்துக்கு வருகிறான். நான் செங்கத்திலிருந்து கிளம்பி ஜவ்வாது மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதாகத் திட்டம். அதாவது புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பது. ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்து நல்ல தார்ச்சாலை இருக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. சேட்டிலைட் படத்தில் காட்டுக்கு நடுவே பழுப்பு நூல்போலத் தெரிந்த மண்பாதைதான் வேண்டும்.

ஏன் மண்பாதை? இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இப்போது சைக்கிள் உலகில் மண்பாதைதான் ஃபேஷன். 'கிராவல்' என்று தனி வகை சைக்கிளே விற்கிறார்கள். அகலமான டயர், வளைந்த ஹேண்டில்பார், ஒரு பழைய பைக்கின் விலை. நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். 1910-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை முதன்முதலாகப் பிரனீஸ் மலைகளின் உயரக் கணவாய்கள் வழியே கொண்டுபோனார்கள். ஜூலை 21 அன்று மட்டும் 326 கிலோமீட்டர். தூர்மாலே கணவாயில் தாரும் கிடையாது, வீரர்களின் சைக்கிளில் மாற்றிக்கொள்ள கியரும் கிடையாது. ஒக்தாவ் லாபீஸ் என்ற வீரர் பாதி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே ஏறினார். வழியில் நின்ற பந்தய நிர்வாகிகளைப் பார்த்து, நீங்கள் கொலைகாரர்கள் என்று கத்தினார். அன்று மண்பாதை யாருடைய விருப்பமும் இல்லை, இருந்தது அதுதான். நூறு வருடம் கழித்து நாங்கள் அதைத் தேடிப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறோம்.

காலை நாலரைக்குக் கிளம்பினேன். செங்கம் 35 கிலோமீட்டர். இந்தச் சாலை அதற்கும் அப்பால் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகிறது. வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலை, நடுவில் செங்கம் கணவாய். மைசூர்ப் பீடபூமிக்கும் கீழே இருக்கும் சமவெளிக்கும் நடுவே ஒரு கதவு மாதிரி. 1767 செப்டம்பர் 3 அன்று ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பெனிப் படையை இங்கேதான் தாக்கினார்கள். ஸ்மித் சமாளித்துத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அதே மாதக் கடைசியில் அங்கேயும் ஒரு சண்டை. முதல் மைசூர்ப் போரின் தொடக்கச் சண்டைகள் இவை. நான் தினமும் பால் வாங்கப் போகும் சாலையில் பீரங்கி வண்டிகள் உருண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டே பெடல் மிதித்தேன்.

இந்தப் படைகள் எல்லாம் கணவாய் வழியாக வந்தன, போயின. மேலே இருந்த மலைக்கு யாரும் ஏறவில்லை. ஏறிப் பயனில்லை. பீரங்கி ஏறாது, வரி தேறாது. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் தென்கிழக்கு ஆசிய மலைமக்களைப் பற்றி 2009-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வாதம் வைக்கிறார். மலைமக்களை நாகரிகம் எட்டாதவர்களாகப் பார்க்காதீர்கள், அவர்களில் பலர் அரசுகளிடமிருந்து தப்பி மேலே போனவர்கள் என்கிறார். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருள்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்காட்டின் வாதம் இங்கே அப்படியே பொருந்துமா என்பது ஆய்வாளர்கள் பாடு. ஆனால் பாதை இல்லாதது ஒரு காலத்தில் பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மலை ஏறுவதற்கு முன் எல்லாமே பிடித்திருக்கும்.

செங்கத்தில் இட்லி சாப்பிட்டேன். குப்பநத்தம் அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண்பாதையைப் பிடித்தேன். டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதுதான் மண்ணைப் பிடிக்கும். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். இரண்டு பக்கமும் மூங்கில், எங்கோ குக்குறுவான் சத்தம், செம்மண்ணில் ஆட்டுக் குளம்படிகள். பிறகு ஏற்றம் ஆரம்பித்தது. வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகம். ஒரு கட்டத்துக்கு மேல் நடக்கவும் செய்தேன். லாபீஸ் கத்தியது நினைவுக்கு வந்தது. கத்தலாம்தான், ஆனால் நிர்வாகியும் நானே.

பாதை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேப்பில் நீலக்கோடு இடது பக்கம் போனது. இடது பாதையின் குறுக்கே யாரோ தழைக்கொத்து ஒன்றைப் போட்டு, அதன் மேல் இரண்டு கல் வைத்திருந்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்துப் போட்டது என்று நினைத்தேன். முன்சக்கரத்தால் ஒதுக்கிவிட்டுப் போனேன்.

ஒன்றரை கிலோமீட்டரில் பாதை முடிந்துவிட்டது. முடிந்தது என்றால், அடித்துக்கொண்டு போயிருந்தது. மழையில் ஓடை பாதையைத் தின்று ஆள் உயரத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. வளைவுக்கு அப்பால் இருந்ததால் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கி நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் விழுந்தோம். முழங்கை கிழிந்தது. ஒரு கஜம் தள்ளி விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது. போனில் சிக்னல் இல்லை. நீலப்புள்ளி மட்டும் சரியான பாதையில் நிற்பதாக அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

தள்ளிக்கொண்டு பிரிவுக்குத் திரும்பி வந்தபோது அங்கே ஒரு பெரியவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் கொடுவாள், பக்கத்தில் நாலைந்து ஆடு. கலைந்து கிடந்த தழையைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தழ போட்டிருந்துச்சே தம்பி, பாக்கலயா?"

"பாத்தேங்க ஐயா. சும்மா கிடக்குதுன்னு நெனச்சேன்."

"சும்மா எவன் கல்லு வெப்பான்?"

பதில் இல்லை. ஏனென்றால் அந்தப் பாட்டிலேயே இது இருக்கிறது. வழி பிரியும் இடத்தில் சரியான வழியைத் துடைத்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து வையுங்கள் என்று கூத்தன் சொல்கிறான். நான் அந்த இடத்தை மஞ்சள் நிறத்தில் ஹைலைட் செய்து வைத்திருந்தேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அடையாளத்தைக் கொண்டாடத் தெரிந்தவனுக்கு, கண்ணுக்கு முன்னால் கிடந்த அடையாளத்தைப் படிக்கத் தெரியவில்லை.

இப்படிப் பாதை பிரியும் இடத்துக்குச் சங்கத்தமிழில் ஒரு சொல் உண்டு: கவலை. கவர்த்துப் பிரியும் வழி. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் பொருள் உங்களுக்குத் தெரியும். ஒன்று மற்றொன்றாக மாறியதா, இரண்டும் தனித்தனிச் சொற்களா என்று மொழியியலாளர்தான் சொல்ல வேண்டும். கிழிந்த முழங்கையோடு நின்ற எனக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் தெரிந்தன.

கவலைகளில் பெயரும் புகழும் பொறித்த நடுகற்கள் இருக்கும், அவற்றை வணங்கிச் செல்லுங்கள் என்றும் பாட்டில் வருகிறது. இது கவிஞரின் கற்பனை இல்லை. தமிழகத்தில் நடுகற்கள் மிக அதிகமாகக் கிடைத்த வட்டாரங்களில் செங்கம் ஒன்று. பல்லவர் கால வட்டெழுத்துக் கற்கள் அவற்றில் ஏராளம். எழுபதுகளின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் மாநிலத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டது. எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு எஜமானனின் உடலைக் காத்து நின்றதாம். பேரரசர்கள் ஊர்விட்டு ஊர் சண்டைக்குப் போன காலத்தில், இந்தக் காட்டுக்காரர்கள் ஒரு நாயின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிற எவனோ படிக்கட்டும் என்று.

பெரியவர் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். இருபது முப்பது வீடுகள். ஊர்ப்பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதமே எட்டு கிராவல் சைக்கிள் அங்கே நிற்கும். அவருடைய மருமகள் காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்தாள். சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும், மலையில் எந்தக் குடியிருப்பிலும் சொந்த வீடுபோல உணவு கிடைக்கும் என்று பாட்டில் வரும். நான் ஐடி கம்பெனிக்காரன் என்று சொல்லியும் கிடைத்தது. சுவரோரம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது. பின்சக்கரத்தில் டயர் இல்லை.

"யாரு ஓட்றது?"

"பேத்தி. கீழ ஹாஸ்டல்ல படிக்குது. இங்க எங்க ஓட்றது? குடுத்தாங்க, தள்ளினே வந்தோம்."

என் சைக்கிளை அவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அப்படியும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதற்கப்புறம் அவர் பேசியது எல்லாம் பாதையைப் பற்றித்தான். மழைக்காலத்தில் ஆறு வாரம் ஜீப் வராது. பிரசவ வலி வந்தால் கம்பில் போர்வையைக் கட்டித் தொட்டிலாக்கி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அவர் அதை அலுத்துக்கொண்டு சொல்லவில்லை. புளி விலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

எனக்கு 2023 மே மாதத்துச் செய்தி ஞாபகம் வந்தது. இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரி மலை. அத்திமரத்துக்கொல்லை என்ற ஊரில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துபோனது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே ஏற வழியில்லாமல் பாதியில் இறக்கிவிட்டது. மிச்சத் தூரத்தைத் தாய் குழந்தையைக் கையில் ஏந்தி நடந்தே போனாள். அன்று அதை ஸ்க்ரோல் செய்து கடந்தவர்களில் நானும் ஒருவன். குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்துப் போங்கள் என்ற வரியை நான் ரசித்துப் படித்தது அதற்குப் பிறகுதான்.

எதிர்ப்பக்கம் இன்னொரு கதையும் இருக்கிறது. இதே மலையில் காவலூர் இருக்கிறது. 725 மீட்டர் உயரம். வானியலாளர் வைணு பாப்பு அறுபதுகளில் தேடித் தேர்ந்த இடம். நகர வெளிச்சம் எட்டாத இருட்டும், தென்வானம் நன்றாகத் தெரியும் அட்சரேகையும் சேர்ந்து அமைந்ததுதான் காரணம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10 அன்று உலகம் கண்டுகொண்டது. அன்றிரவு அதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அங்கே தார்ச்சாலை இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும், கண்ணாடியையும் கான்கிரீட்டையும் மேலே கொண்டுபோக வேண்டுமே. மனசு வைத்தால் இந்த மலையில் சாலை போட முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

சாலை போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. சாலை மேலே போகும், கூடவே கீழேயும் வரும். இந்த மலையின் சந்தனமரம் வண்டி வண்டியாக இறங்கியது அப்படித்தான். மரம் போன பிறகு ஆட்கள் இறங்கினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

இதனால்தான் காட்டுக்குள் சாலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் நான் எப்போதும் நடுவில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பேன். காடு, யானை, மௌனம் என்று ஒரு பக்கம் லைக் போடுவேன். தொட்டில் கட்டித் தூக்கும் வீடியோவுக்கு மறுபக்கம் கண்ணீர் எமோஜி போடுவேன். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தபோது ஒன்று புரிந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும்.

கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆம்புலன்ஸ் ஏற மூன்று மீட்டர் அகலம் போதும் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 3.3 கிலோமீட்டர் நீளம் வருகிறது. நான் விழுந்த பள்ளத்தையும், அதற்கு மேலிருந்த மூன்று மோசமான ஏற்றங்களையும் சேர்த்தாலும் அதற்குள் அடங்கிவிடும். காட்டையே பிளக்கும் நெடுஞ்சாலையை யாரும் கேட்கவில்லை. ஒரு குழந்தை உயிரோடு இறங்க மூன்று மீட்டர் அகலம் கேட்கிறார்கள். இவ்வளவு நாளும் நான் கவலை என்று நினைத்து நின்ற இடத்தில் அவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. இரண்டு வழி தெரிந்தது, சைக்கிளில் வந்து சாயங்காலம் திரும்பிப் போகிற எனக்கு மட்டும்தான்.

மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் திட்டத்தைக் கைவிட்டேன். முழங்கை வீங்கியிருந்தது. இரவில் நடக்காதீர்கள் என்று பாட்டே சொல்கிறது. பெரியவர் பிரிவு வரைக்கும் கூடவே வந்தார். தழைக்கொத்து வாடியிருந்தது. புதிதாக ஒன்றை ஒடித்து என் கையில் கொடுத்தார். நானே போட்டுக் கல் வைத்தேன். கோணலாக வைத்துவிட்டேன் போல. குனிந்து சரி செய்தார்.

"ரோடு போடறாங்கன்னு அளந்துட்டுப் போயிருக்காங்க," என்றார். "ரோடு போட்ட பொறவு இந்தப் பக்கம் வருவியா தம்பி?"

உண்மையைச் சொன்னால், தார் போட்ட பாதையில் ஏற எனக்கு ஆசையில்லை. ஆனாலும், "வருவேங்க ஐயா," என்றேன்.

அவர் என்னையும் சைக்கிளையும் ஒருமுறை பார்த்தார்.

"நீ வரலன்னாலும் பரவால்ல. பஸ் வந்தாப் போதும்."